அட்டையில் எப்போதும் அதே கூடை

செப்டம்பரில் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்கு பீ.எம்.ஐ.சி.எச். (பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம்) பக்கம் போகிறவர்கள் ஒன்றைச் செய்து பாருங்கள். தமிழ்ப் புத்தகக் கடை முன்னால் பத்தடி தள்ளி நின்று, தலைப்பைப் படிக்காமல் மலையகப் புத்தகங்களை, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டத் தமிழர் பற்றிய புத்தகங்களை மட்டும் பொறுக்குங்கள். ஒன்றும் தப்பாது. பச்சை மலை, பனிமூட்டம், முதுகில் கூடையோடு குனிந்து நிற்கும் ஒரு பொம்பளை. உள்ளே கவிதை இருந்தாலும் சரி, தொழிற்சங்க வரலாறு இருந்தாலும் சரி, வெளியே அதே அம்மாதான்.

என் முதல் புத்தகமும் அப்படித்தான் வந்திருக்கும். ‘தொங்கல் காம்பரா’, 112 பக்கம், சொந்தக் காசில் 300 பிரதி. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்துவிட்டு தீபாவளிக்கு மட்டும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்து போகிற பிள்ளைகளின் கதைகள். ஒரு கதையிலும் யாரும் கொழுந்து பறிக்கவில்லை. 15,000 ரூபாய்க்குப் பேசிய டிசைனர் தம்பி மூன்றாம் நாள் அட்டை அனுப்பினார். கூடை!

அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. “மலையகச் சிறுகதைகள்” என்று ஒரே வரி அனுப்பியவன் நான். ஒரு கதையைக்கூடப் படிக்கக் கொடுக்கவில்லை. கூகுளில் தேடினால் அவருக்கு வேறென்ன கிடைக்கும்? பேசியதில் பாதியைக் கொடுத்துவிட்டு நானே உட்கார்ந்தேன்.

அந்தப் படம் யார் வேலை என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்து நேராக டீபொட்டுக்கு என்று சொல்லி தோமஸ் லிப்டன் என்ற வியாபாரி லண்டனில் தேயிலை விற்ற காலத்திலேயே விளம்பரத்தில் கூடைக்காரி வந்துவிட்டாள். அவர் இங்கே தோட்டங்கள் வாங்கியது 1890இல். தேயிலைப் பக்கெட்டை விற்கக் கீறிய படத்தை இன்னமும் நாம் நம் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். கூடையாவது மிச்சமிருக்கிறதா? எங்கள் தோட்டத்தில் இப்போது முக்கால்வாசிப் பேருக்கு முதுகில் தொங்குவது சாக்கு. பக்கத்து லயத்து அத்தை ஒருவர் ஏதோ ஒரு கலண்டரில் இருக்கிறார். ரோட்டோரத்து மலையில் நிற்கும்போது வேனில் வந்த யாரோ எடுத்தது. “ஒரு கலண்டராச்சும் குடுத்தானுங்களா பாரு” என்பார். பேர் கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

என் அட்டைக்கு நான் எடுத்தது ஒரு பூட்டு. தொங்கல் காம்பரா என்றால் லயத்தின் கடைசி வீடு, அது எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எங்கள் லயத்தில் அந்த வீட்டுக் கதவு நீலம். வீட்டுக்காரப் பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். போனில் கேட்டேன். “பூட்டையா அண்ணே போட்டோ புடிக்கப் போறீங்க?” என்று சிரித்துவிட்டு, “லயத்து நம்பர் மட்டும் விழாமப் பாத்துக்கங்க” என்றான். மழை விட்ட ஒரு காலையில் போன் கமராவிலேயே எடுத்தேன். ஏ5 அளவுக்கு அச்சில் தெளிவாக விழ 1748க்கு 2480 பிக்சல் போதும், இன்றைய போன்கள் அதைத் தாண்டும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டொக்கியுமென்ட் என்று அனுப்ப வேண்டும். அதை எனக்குச் சொன்னதே அந்த டிசைனர் தம்பிதான். நல்ல பிள்ளை.

பிறகு தொடங்கியது கூத்து. தலைப்பை யுனிகோடில் அடித்துப் போட்டோஷொப்பில் ஒட்டினால், தொங்கலின் முதல் எழுத்தே பிரிந்து நிற்கிறது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் தகரம் அநாதை. யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினிக்கு மாற்று என்றார்கள். மாற்றினால் எழுத்து சேர்கிறது, ஆனால் தொண்ணூறுகளின் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. கடைசியில் மென்பொருளின் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தெரிவு செய்ததும் யுனிகோடே ஒழுங்காக விழுந்தது. மூன்று இரவு போனது அதற்குத்தான். எழுத்துருவுக்குக் காசும் வேண்டாம்: கூகுளில் கிடைக்கும் முக்த மலர், ஹிந்த் மதுரை, காடமரான் எல்லாம் இலவசம், அச்சுக்கும் போடலாம்.

புத்தகத்தின் முதுகு, அதாவது முன்னட்டைக்கும் பின்னட்டைக்கும் நடுவில் வரும் பட்டி விஷயத்தில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 80 ஜீ.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நான் 112ஆல் பெருக்கி 11 மில்லிமீட்டர் முதுகு வைத்தேன். ஒரு தாளில் இரண்டு பக்கம் இருக்கும் என்பது இருபது வருஷமாகப் புத்தகம் படிக்கிறவனுக்கு ஞாபகம் வரவில்லை! 56 தாள், ஐந்தரை மில்லிமீட்டர்தான். மாதிரிப் பிரதியில் முதுகிலிருந்த என் பெயர் வழுக்கி முன்னட்டைக்கு வந்து நின்றது. நல்லவேளை, மாதிரி ஒன்று கேட்டிருந்தேன். நாலு பக்கமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டதும், பின்னட்டையில் பார்கோடுக்கு வெள்ளை இடம் வைத்ததும் மட்டும் முதல் தடவையே சரி. புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுப்பது. அட்டை முடிவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

நீலத்தில்தான் தோற்றேன். திரையில் பார்க்கிற வெளிச்ச நீலம் மையில் வராது. அச்சு மையில் மஜெண்டா (இளஞ்சிவப்பு) கூடிப் போனால் கத்தரிப்பூ நிறமாகிவிடும், சயனைவிட (நீல மையைவிட) அதை நன்றாகக் குறைத்து வைக்க வேண்டும். மாதிரியைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்து “நல்லம்” என்று விட்டுவிட்டேன். 300 பிரதியும் கத்தரிப்பூக் கதவோடு வந்து இறங்கின. அத்தை கையில் ஒன்றைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது நம்ம தொங்கல் வீட்டுப் பூட்டுல்ல? கதவுக்கு எப்ப பெயின்ட் அடிச்சானுங்க?” என்றார்.

ஒரு நண்பர் சொன்னார்: கூடை போட்டிருந்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்த்தவுடன் வாங்குவார்கள். உண்மைதான், மறுக்க மாட்டேன். ஹட்டனில் ஒரு கூட்டத்தில் மேசையில் அடுக்கி வைத்திருந்தபோது ஒருவர் எடுத்துப் பார்த்து, “ஹார்ட்வெயார் சம்பந்தமான புத்தகமா?” என்று கேட்டார். ஆனால் அதே மேசையில், கொழும்பு வெள்ளவத்தையில் வேலை செய்கிற ஒரு பிள்ளை பூட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். விலை கேட்காமல் இரண்டு பிரதி எடுத்தாள். எனக்கு வேண்டிய வாசகி அவள்.

எல்லாரும் சொந்தமாக அட்டை செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. டிசைனரிடம் கொடுக்கிறவர்கள் ஒரு கதையையாவது படிக்கக் கொடுங்கள், கூடை வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். நானே செய்கிறேன் என்கிறவர்கள் இன்பொக்ஸுக்கு வாருங்கள், முதுகுக் கணக்கோடு என் கோப்பைத் தருகிறேன். நீலத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன்.