வெயில் பட்டு எரியுற தோல்ல எலுமிச்சை தேய்க்கலாமா?

மேல ஒருத்தர், வெயில்ல தோல் செவந்து எரிஞ்சா எலுமிச்சம்பழத்த வெட்டி தேச்சா எரிச்சலும் கருமையும் போயிரும்னு போட்டிருக்காரு. நல்ல மனசோடதான் சொல்றாருன்னு புரியுது, ஆனா நடக்கிறது தலைகீழ்ங்க. சாறு புளிப்பு, வெந்த தோல்ல இன்னும் எரியும், அது போக எலுமிச்சைல, முக்கியமா பழத்தோட தோல்ல இருக்குற ஃபூரோகூமரின்ங்கிற ரசாயனம் நம்ம மேல ஒட்டி, அதுல வெயில் பட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல கொப்புளம் வந்து அப்புறம் மாசக்கணக்குல கருப்பா தழும்பு நிக்கும் (கருமை போக தேச்சவங்களுக்கு இது கொஞ்சம் ஓவர்தான்). நம்பலேன்னா ‘பைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ்’னு (இந்த பாதிப்போட பேரு அதான்) தேடி, தோல் நோய் பத்தின டெர்ம்நெட் சைட்ல இருக்குற ஃபோட்டோவ பாருங்க, இல்ல எந்த ஸ்கின் டாக்டர்கிட்ட வேணா கேளுங்க. இப்போதைக்கு பச்சத்தண்ணில நனைச்ச துணி 10, 15 நிமிஷம் போட்டு எடுங்க, அது போதும். கொப்புளம் நிறைய வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ நேரா டாக்டர்தான்.