பிழை திருத்துவது வேறு, செப்பனிடுவது வேறு

என் முதல் நாவலின் கைப்பிரதியை எழுதி முடித்து இந்தத் தைப்பூசத்தோடு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்க்கிற நண்பர்கள் எல்லாரும் "வெளியீடு எப்போது, டீச்சர்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொல்லிவந்த பதிலை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நாவலை நான் இன்னும் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன். அது முடியாமல் அச்சகத்திற்குக் கொடுப்பதாக இல்லை.

நம் மலேசியாவில் ஒரு நாவல் எழுதி முடிந்ததும் என்ன நடக்கிறது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தட்டச்சு செய்து, தெரிந்த தமிழாசிரியர் ஒருவரிடம் ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் பார்க்கக் கொடுத்து, அவர் சிவப்பு மையில் குறித்ததைச் சரிசெய்துவிட்டு, மண்டபத்திற்கும் சிறப்பு விருந்தினருக்கும் நாள் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தத் தமிழாசிரியராக நானே பல முறை இருந்திருக்கிறேன். ரகர றகரங்களைச் சரிபார்த்து, வல்லினம் மிகும் இடங்களைக் குறித்து, "திருத்திவிட்டேன்" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒரு நாவலின் நடுப்பகுதி நகரவே இல்லை என்பது படிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்வது என் வேலை இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அந்த நண்பருக்கு நான் செய்தது உதவியே அல்ல என்பதை என் சொந்தக் கைப்பிரதி எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

என் நாவல் 1969, 1970ஆம் ஆண்டுகளில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நடக்கிறது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்கள் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்ற நிலை வந்து, அது கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய காலம் அது. நான் ஆறு வயதிலேயே தோட்டத்தை விட்டு கோலாலம்பூர் செந்தூலுக்கு வந்துவிட்டவள். என் கைப்பிரதியைப் படித்த ஐந்து பேரும் ஒருமித்துப் பாராட்டிய இடம் ஏழாம் அத்தியாயம். வேலை அனுமதி மறுக்கப்பட்ட செய்தி கேட்ட மறுநாள் விடியற்காலையில், கொட்டுகிற மழையில், கதையில் வரும் தாய், மரம் மரமாகப் போய் அழுதுகொண்டே ரப்பர்ப் பால் வெட்டுகிறாள். அதை எழுதிய இரவு நானும் அழுதேன்.

அந்த அத்தியாயத்தைப் பெரியக்காவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பதினான்கு வயதில் கத்தி பிடித்து, கல்யாணமாகும்வரை ரப்பர் மர நிரையில் நின்றவர் அவர். நான் இரண்டாவது பக்கத்தைத் தாண்டவில்லை. "மழையில எவடி பால் வெட்டுவா? மரம் நனைஞ்சா வெட்டுல தண்ணி வழிஞ்சு மங்குல விழும். பாலா நிக்கும் அதுல? பெரட்டுக்குக்கூடப் பேர் கூப்பிடமாட்டாங்க" என்றார். மங்கு என்பது பால் பிடிக்கும் கிண்ணம்; பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது.

என் நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் என்று நான் நம்பியிருந்தவை பொய்யாக இருந்தன. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத பக்கங்கள் அவை. ஒரு வாரம் அந்தக் கோப்பையே நான் திறக்கவில்லை. பிறகு மீண்டும் அக்காவிடம் போய், மழை நாளில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து மரம் காயுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம், வெட்டு இல்லையென்றால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை, அம்மா ஒவ்வொரு தரமும் வாசலுக்குப் போய்க் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு வருவாள் என்றார். புதிய ஏழாம் அத்தியாயத்தில் தாய் ஒரு மரத்தையும் தொடுவதில்லை. தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்து வாசலில் நின்று கையை நீட்டுகிறாள், உள்ளே வருகிறாள், மறுபடியும் போகிறாள். இருபத்திரண்டு பக்கம் ஒன்பது பக்கமாகச் சுருங்கியது. அந்த மழை அவளுக்கு இன்னொரு நாளின் கூலியையும் தின்றுகொண்டிருக்கிறது என்பது இப்போதுதான் கதைக்குள் வந்திருக்கிறது. அது மட்டுமல்ல, இந்த நாவல் பிரிவைப் பற்றியது என்று அதுவரை எண்ணியிருந்த எனக்கு, இது காத்திருப்பைப் பற்றியது என்று தெரிந்ததும் அந்த ஒன்பது பக்கங்களை எழுதியபோதுதான். அதன் பிறகு மற்ற அத்தியாயங்களில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பது எளிதாயிற்று.

செப்பனிடுதல் என்று நான் சொல்வது இதைத்தான். சந்திப்பிழை பார்க்கிறவர் என்னிடம் இதைக் கேட்டிருக்க முடியாது.

காலம் சார்ந்த தவறுகளும் வரிசையாக அகப்பட்டன. "ஏழு மணிக்குத்தான் கிழக்கு வெளுத்தது" என்று எழுதியிருந்தேன். இன்றைய கோலாலம்பூரில் அது ஏறக்குறைய சரி. ஆனால் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி முதல் நாளன்றுதான் அரை மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கப்பட்டது. 1970இல் ஏழு மணிக்குச் சூரியனே எழுந்திருக்கும். இது ஒரு வரியில் தீர்கிற தவறு அல்ல. பெரட்டு, பால் எடுப்பு, பிள்ளைகள் பள்ளிக்குப் போவது என்று விடியலை ஒட்டி எழுதிய காட்சிகள் அத்தனையையும் நகர்த்தி அடுக்க வேண்டியிருந்தது. கப்பலும் அப்படித்தான். தாத்தாவைப் பினாங்குத் துறைமுகத்தில் எம்.வி. சிதம்பரத்தில் ஏற்றிவிட்டிருந்தேன், எங்கள் வீட்டில் எல்லார் வாயிலும் அந்தப் பெயர்தான் என்பதால். அந்தக் கப்பல் இந்தத் தடத்துக்கு வந்ததே 1973இல். 1970இல் திரும்பியவர்களைச் சுமந்துபோன கப்பல்களில் ஒன்று, 1926இல் கட்டப்பட்ட எஸ்.எஸ். ரஜூலா. அதிகாரியின் வாயில் வந்த 'ரிங்கிட்' என்ற பணப் பெயரையும் அந்தக் காலத்து வழக்கப்படி 'வெள்ளி' என்று மாற்றினேன்.

இனி மொழி. தமிழ்நாட்டுப் பதிப்பகம் ஒன்று, அங்குள்ள வாசகர்களுக்காகத் தோட்டச் சொற்களைப் பொதுத்தமிழாக்கலாம் அல்லது அடிக்குறிப்பு போடலாம் என்று அன்போடுதான் ஆலோசனை சொன்னது. இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. ஆனால் அந்தக் கடிதத்திற்குப் பிறகு கைப்பிரதியைப் புரட்டியபோது, நானே அடிக்குறிப்புகளை வாக்கியங்களுக்குள் ஒளித்துவைத்திருந்ததைக் கண்டேன். "ரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலைச் சேகரிக்கப் பயன்படும் சிறு கிண்ணமான மங்கை அவள் கையில் எடுத்தாள்" என்று ஒரு வாக்கியம். இது தோட்டத்துப் பெண்ணின் கண்ணால் பார்த்து எழுதியதல்ல, வகுப்பறையில் பாடம் நடத்துகிற என் குரல். இப்போது அது, "மங்கில் உறைந்திருந்த கட்டிப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, பழைய வெட்டின் மேல் கத்தியை வைத்தாள்" என்று இருக்கிறது. மதுரையில் படிக்கிறவருக்கும் மங்கு என்னவென்று இதில் தெரிந்துவிடும். 'பசியாறிட்டியா' என்ற கேள்வி நாவலில் நாற்பது இடங்களில் வருகிறது. ஒன்றைக்கூட 'காலை உணவு' ஆக்க மாட்டேன்.

சொந்தக் கைப்பிரதியைத் தாமே செப்பனிட்டுவிடலாம் என்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓரளவுக்குச் செய்யலாம். ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு எடுத்தால் சில கண்ணில் படும், தாளில் அச்செடுத்து வாய்விட்டுப் படித்தால் இன்னும் சில காதில் விழும். ஏழாம் அத்தியாயத்தை நான் நூறு முறை படித்திருந்தாலும் அந்த மழை எனக்கு உறுத்தியிருக்காது. வேறொரு வாழ்க்கை வாழ்ந்தவர் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. அதோடு, கதையின் அமைப்பைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் முழுப் பிரதியையும் இரண்டு முறை படித்து, எந்த அத்தியாயம் தேவையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அந்த உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும். மண்டப வாடகைக்கும் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்குகிற பணத்தில் ஒரு பகுதி செம்மையாக்குநருக்குப் போகட்டும், அவர் பெயரும் நூலின் உள்பக்கத்தில் அச்சாகட்டும். என் நாவலில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று பெரியக்காவுடையது.

இன்னும் மூன்று அத்தியாயங்கள் மீதம் இருக்கின்றன, மூன்றும் கப்பலில் நடப்பவை. 1970 வாக்கில் பினாங்கிலிருந்து ரஜூலாவில் மேல்தளப் பயணியாகப் போனவர்கள், அல்லது அப்படிப் போனவர்களை வழியனுப்பத் துறைமுகம் வரை வந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள். பாய் எங்கே விரித்தார்கள், சாப்பாடு எப்படி வந்தது, கரையில் நின்றவர்களின் முகம் எதுவரை தெரிந்தது என்பதெல்லாம் எனக்கு வேண்டும். பினாங்குக்கு வந்து நேரில் கேட்கவும் தயாராக இருக்கிறேன்.