பத்திரமாகப் பூட்டி வைத்த சிலிண்டர்

கோமதி: சார், சிலிண்டர் காலி.

சம்பந்தம்: அதற்கு ஏன் அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள்? ஏஜென்சிக்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சிலிண்டர் போடுகிறவன் இல்லை.

கோமதி: பதிவு செய்ய வேண்டியதே நீங்கள்தான். காலியாகி இரண்டு வருடம் இருக்கும்.

சம்பந்தம்: இரண்டு வருடமா! அப்படியானால் சமையல்?

கோமதி: சமையலுக்கு என்ன, நன்றாகத்தான் நடக்கிறது.

சம்பந்தம்: மின்சார அடுப்பா? சொல்லியிருக்க வேண்டாமா? பொது மீட்டர் எகிறுவதற்குக் காரணம் தெரியாமல் நான் வாட்ச்மேனின் மின்விசிறியைக் கழற்றி வைத்திருக்கிறேன்.

கோமதி: சார், நான் சொல்வது மாடிப்படி ஓரத்தில் இருக்கிற சிலிண்டர்.

சம்பந்தம்: படி ஓரத்தில் சிலிண்டரா? விதிமீறல்! பொது வழியில் எரிவாயு சிலிண்டர் வைக்கக் கூடாது என்று போன பொதுக்குழுவில்தான் தீர்மானம் போட்டோம். யார் வைத்தது?

கோமதி: நீங்கள்.

சம்பந்தம்: நானா?

கோமதி: சிவப்பு நிறம். கறுப்புக் குழாய். கண்ணாடிப் பெட்டி. பெட்டியின் மேல் உங்கள் பெயர் போட்டு ‘உபயம்’ என்றுகூட எழுதியிருக்கிறது.

சம்பந்தம்: ஓ, தீயணைப்பு சிலிண்டரா! அது காலியாக வழியே இல்லை அம்மா. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதே கிடையாது.

கோமதி: தொடாமலே இறங்கும் சார். உள்ளே இருப்பது ரசாயன மாவு. அதை வெளியே தள்ளுவதற்கு அழுத்தம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், மாவு கட்டிதட்டும். அதைக் கண்டுபிடிக்கத்தான் அதன் கழுத்தில் ஒரு சின்ன அளவுமானி. முள் பச்சையில் நின்றால் சரி. சிவப்புக்கு இறங்கிவிட்டால் ஆளைக் கூப்பிட்டு நிரப்ப வேண்டும்.

சம்பந்தம்: இப்போது முள் எதில் நிற்கிறது?

கோமதி: குங்குமத்தில்.

சம்பந்தம்: என்னது?

கோமதி: ஆயுத பூஜைக்கு நீங்கள் அப்பிய சந்தனமும் குங்குமமும் அளவுமானியின் கண்ணாடி மேலேயே காய்ந்து கிடக்கின்றன. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால் முள்ளின் நுனி மட்டும் தெரிகிறது. அது சிவப்பில்தான் இருக்கிறது. மறுபடி நிரப்ப வேண்டிய தேதியும் சீட்டில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை ஆகிவிட்டது.

சம்பந்தம்: சரி, துடைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி பொருளாளரிடம் இருக்கிறது.

கோமதி: பொருளாளர்?

சம்பந்தம்: பெங்களூரில். மகள் வீட்டில்.

கோமதி: தீ பிடித்தால் அவருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும், அப்படித்தானே? ‘மெதுவாக வாருங்கள் சார், முதல் மாடிதான் எரிகிறது’ என்று.

சம்பந்தம்: கிண்டல் வேண்டாம். பூட்டாவிட்டால் பிள்ளைகள் எடுத்து அடித்து விளையாடுகிறார்கள். அவசரம் என்றால் கண்ணாடியை உடைத்து எடுக்க வேண்டியதுதான்.

கோமதி: அந்தக் கண்ணாடி மேல் என்ன ஒட்டியிருக்கிறீர்கள் என்று நினைவிருக்கிறதா?

சம்பந்தம்: ‘கண்ணாடியை உடைப்பவர்களுக்கு 500 ரூபாய் அபராதம்’. அது பந்து விளையாடுகிறவர்களுக்காக ஒட்டியது.

கோமதி: போன வாரம் இரண்டாவது மாடியில் வடைச்சட்டி பற்றிக்கொண்டது, தெரியுமா?

சம்பந்தம்: வாசனை வந்தது. வடை என்று நினைத்தேன்.

கோமதி: வடையும் சேர்ந்துதான் எரிந்தது. அந்தப் பெண் பதறிப்போய்க் குடத்துத் தண்ணீரைத் தூக்கிவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். எரிகிற எண்ணெயில் தண்ணீரைக் கொட்டினால் அது அடியில் போய் நொடியில் ஆவியாகி, எண்ணெயைத் தீயோடு விட்டம் வரைக்கும் வீசும். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைப் பெரிய தாம்பாளத்தால் மூடினோம். காற்று இல்லாமல் அணைந்தது. அதற்குள் அவள் கணவர் சிலிண்டரை எடுக்கக் கீழே ஓடினார்.

சம்பந்தம்: எடுத்தாரா?

கோமதி: அறிவிப்பைப் படித்தார். திரும்பி வந்து, ‘உடைத்தால் ஐந்நூறாம்’ என்றார்.

சம்பந்தம்: கட்டுப்பாடான மனிதர்.

கோமதி: அவருக்குக் கையில் ஒரு சின்னக் கொப்புளம். முதலுதவிப் பெட்டியைக் கேட்டோம். அது சங்க அறையில் இருக்கிறதாம். சங்க அறைச் சாவி...

சம்பந்தம்: பொருளாளரிடம்.

கோமதி: பெங்களூரில். பரவாயில்லை, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் கைமேல் ஓடவிட்டோம். அதற்குச் சாவி தேவைப்படவில்லை. நல்லவேளையாகப் பற்பசை பூசச் சொல்ல ஆள் வருவதற்குள் எரிச்சல் அடங்கியது.

சம்பந்தம்: பற்பசை பூசலாமே? நான் எப்போதும் அதைத்தான் பூசுவேன். குளுகுளுவென்று இருக்கும்.

கோமதி: அந்தக் குளுமை புதினா சார். சூடு உள்ளேயேதான் இருக்கும். மருத்துவர் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புண்ணையே பார்க்க வேண்டும். அதை விடுங்கள். மொட்டை மாடிக் கதவு ஏன் பூட்டியிருக்கிறது?

சம்பந்தம்: அப்படி வாருங்கள் வழிக்கு! இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது எதற்கு என்று இப்போது புரிகிறது. வடாம் காயப் போடுவதற்கு அனுமதி கிடையாது. தீர்மானம் எண் ஏழு.

கோமதி: வடாம் இல்லை சார். கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய மெத்தை, பெயின்ட் டின், நாளிதழ்க் கட்டு எல்லாம் அடுக்கியிருக்கிறீர்கள். அங்கேயே நீட்டிப்பு வயர் இழுத்து யாரோ இரவு முழுக்க மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போடுகிறார்கள். அங்கே ஒரு பொறி விழுந்தால் படிக்கட்டே புகைபோக்கி. இறங்க வழியில்லாமல் மேலே ஏறுகிறவர்கள் எங்கே போய் நிற்பார்கள்?

சம்பந்தம்: லிஃப்ட் இருக்கிறதே.

கோமதி: தீ விபத்தில் லிஃப்ட்டில் ஏறக் கூடாது சார். மின்சாரம் போனால் நடுவில் நின்றுவிடும், அந்தக் குழிக்குள்ளும் புகை புகுந்துவிடும். லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அப்படி எழுதியே இருக்கிறது. ஆனால் அந்த எழுத்தின் மேல் நீங்கள் பராமரிப்புக் கட்டணப் பாக்கிப் பட்டியலை ஒட்டியிருக்கிறீர்கள்.

சம்பந்தம்: ஜனங்கள் நின்று படிக்கிற இடம் அதுதான் அம்மா. வீணாகப் பயமுறுத்தாதீர்கள். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனது ஓலைக் கூரையால். இது கான்கிரீட் கட்டடம்.

கோமதி: டெல்லி உபகார் திரையரங்கும் கான்கிரீட்தான். 1997 ஜூன் 13. கீழே மின்மாற்றியில் பிடித்த தீ. மேலே பால்கனியில் உட்கார்ந்திருந்தவர்களைப் புகைதான் கொன்றது. 59 பேர். கூடுதலாக இருக்கை போட்டு வழியை அடைத்திருந்தார்கள். கதவைத் தாழிட்டிருந்தார்கள். அங்கேயும் யாரோ ஒருவர் எதையோ பத்திரமாகப் பூட்டி வைத்திருந்திருக்கிறார்.

(செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். இப்படிக் கண்ணாடியைத் துடைக்கிற செயலாளர் ஒருவர் எல்லாக் குடியிருப்பிலும் இருக்கிறார். துடைத்து முடித்ததும் கேமராவைப் பற்றிப் பேசுவார்.)

சம்பந்தம்: பாதுகாப்புக்கு நாம் ஒன்றுமே செய்யவில்லை என்பது போலப் பேசக் கூடாது. போன வருடம் தளத்துக்குத் தளம் கேமரா வைத்தோமா இல்லையா?

கோமதி: வைத்தோம். எரிவது தெளிவாகப் பதிவாகும்.

சம்பந்தம்: ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள் கொண்டாடினோமா இல்லையா? 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களுக்காக நானே மௌன அஞ்சலி செலுத்தினேன்.

கோமதி: அன்றைக்குச் சித்திரை முதல் நாளும்கூட. நீங்கள் சிலிண்டருக்கு மாலை போட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டீர்கள், எல்லோருக்கும் பாயசம் கொடுத்தீர்கள். கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை உருவி, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, கைப்பிடியை அழுத்திக்கொண்டே பக்கவாட்டில் வீச வேண்டும் என்று ஒருவருக்கும் காட்டவில்லை. முழுதாக நிரப்பிய சிலிண்டரே அரை நிமிடம்கூட வராது சார். அந்த நேரத்தில் உட்கார்ந்து விளக்கக் குறிப்பைப் படிக்க முடியுமா?

சம்பந்தம்: காட்டியிருக்கலாம்தான். பெட்டி பூட்டியிருந்தது.

கோமதி: மாலையை எப்படிப் போட்டீர்கள்?

சம்பந்தம்: பெட்டிக்குப் போட்டேன்.

கோமதி: பொருளாளர் அப்போதும் பெங்களூரிலா?

சம்பந்தம்: அப்போது பேரனுக்கு மொட்டை, இப்போது காது குத்து. அவருக்கும் குடும்பம் இருக்கிறதே அம்மா.

கோமதி: இங்கே நாற்பது குடும்பம் இருக்கிறது சார். இரண்டாவது மாடியில் நடக்க முடியாத ஒரு பாட்டி இருக்கிறார். அவரை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது என்று இதுவரை ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? வாசல் கோலப் போட்டிக்கு நடுவர் யார் என்று மட்டும் ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

சம்பந்தம்: சரி, எழுத்துபூர்வமாகக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைக்கிறேன். எல்லோரும் வந்து கையைத் தூக்கினால் பூட்டை எடுத்துவிடலாம்.

கோமதி: கூட்டத்துக்கு யார் வருவார்கள்? நீங்கள், நான், தேநீர் கொண்டு வருகிற பையன். தீ பிடித்தால் 101, அடிபட்டால் 108, எதுவும் நினைவில்லை என்றால் 112. அவர்களெல்லாம் கூட்டத்துக்குப் போதிய ஆள் சேர்ந்ததா என்று பார்க்காமல் வருகிறவர்கள். வந்து நம் படிக்கட்டைப் பார்த்துத்தான் திகைத்து நிற்பார்கள்.

சம்பந்தம்: ஒரே ஒரு சந்தேகம். பூட்டை எடுத்த பிறகு அந்தச் சிலிண்டரை யாராவது திருடிக்கொண்டு போனால்?

கோமதி: போகட்டும் சார். வீட்டில் தீ பிடிக்கும்போது அவனுக்கே தெரியும், நாம் எப்படிப்பட்ட சங்கம் என்று.

சம்பந்தம்: நாளைக்கே நிரப்புகிற ஆளை வரச் சொல்கிறேன். மெத்தையைக் காயலான் கடைக்குப் போடுகிறேன். மாடிக் கதவுக்குப் பூட்டு வேண்டாம், உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும் போதும். போதுமா? ஆனால் வடாம் கூடாது.

கோமதி: வடாம் கூடாது. அப்படியே படியில் வைத்திருக்கிற செருப்பு அலமாரிகளையும் எடுக்கச் சொல்லுங்கள். இருட்டில் புகைக்குள் இறங்குகிறவர்கள் அதில் இடறினால் வரிசையாக ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள்.

சம்பந்தம்: கண்டிப்பாக. இன்றைக்கே சுற்றறிக்கை. அடைத்துக்கொண்டு வைத்திருப்பவர்களுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம். எந்தத் தளத்தில் மோசம், சொல்லுங்கள்?

கோமதி: நாலாவது மாடி. தேக்கு அலமாரி, மேலே மணிபிளான்ட் தொட்டி. கதவைத் திறந்தால் நேரே தெரிகிறதே, அதுதான்.

சம்பந்தம்: அது என் சம்பந்தி கொடுத்த அலமாரி அம்மா.

கோமதி: தெரியும் சார். ஆயிரம் ரூபாயை யாரிடம் கட்டுவீர்கள்? பொருளாளர் ஊரில் இல்லையே.