ஃபியூஸ் போன டிவிக்குச் செப்புக் கம்பி தீர்வல்ல

"டிவி ஆன் ஆகவில்லையா? பிளக்கைக் கழற்றுங்கள், பவர் போர்டில் உருகிய ஃபியூஸுக்குப் பதில் செப்பு இழை சுற்றுங்கள், வேலை முடிந்தது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

ஃபியூஸ் சும்மா உருகாது. ஃபியூஸின் கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே இழை மட்டும் அறுந்திருந்தால், திடீர் மின்னழுத்தத்தாலோ பழையதானதாலோ போயிருக்கலாம். கண்ணாடி கருத்துப் போயிருந்தால், பெரும்பாலும் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் டையோடோ, மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கும். அப்போது செப்பு இழை போட்டால் இழை தாங்கிவிடும், போர்டுதான் கருகும். தீப்பிடிக்கவும் கூடும்.

சரி, பிளக்கைக் கழற்றினால் தொடலாமா? கூடாது. 230 வோல்ட் ஏசி, டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட் வரை போகும். 400 அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்ட பெரிய கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும், சில போர்டுகளில் வெகுநேரம். சிலர் கெப்பாசிட்டரின் இரு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து அந்த மின்சாரத்தை இறக்குகிறார்கள், தயவுசெய்து அதையும் செய்யாதீர்கள். சில கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மின்னழுத்தம் போய்விட்டதா என்று மல்டிமீட்டரில் அளந்த பிறகே கை வையுங்கள்.

பழுதான பாகத்தை மாற்றி, அதே ஆம்பியர், அதே வகை ஃபியூஸைப் போட்ட பின், முதல் தடவை 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது டிவிக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி, இணைத்து மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. மீட்டர் பிடித்துப் பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.