பெரம்பூர் பூங்காவில் இருப்பது ‘நோய்க் கிளி’ அன்று, ஆறுமணிக்குருவி

பெரம்பூர்ப் பூங்கா ஒன்றில் எடுத்த படத்துடன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: “கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுக் கிளி. பறவைக் காய்ச்சல் வந்து பறக்க முடியாமல் தரையில் தத்துகிறது. குழந்தைகளை அனுப்பாதீர்கள்.” இது தவறு.

நேற்றுக் காலை நானே போய்ப் பார்த்தேன். வேலியோரப் புதரடியில் சருகுகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு மண்புழுவை இழுத்து விழுங்கியது. பச்சை முதுகு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, தோளில் நீலத் திட்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு. சந்தேகமே இல்லை, ஆறுமணிக்குருவிதான். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் வந்த பெயர்.

இது நம் நாட்டுப் பறவை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. தரையில் தத்தித் தத்தி இரை தேடுவது அதன் இயல்பு. வாலும் பிறவியிலேயே குட்டை. அதை வைத்து நோய் என்று முடிவு கட்டுவது அநியாயம்.

செய்தியை நம்பிச் சிலர் கல்லெறிந்தார்கள் என்று காவலாளி சொன்னபோது மனம் பதறியது. தயவுசெய்து விரட்டாதீர்கள். பிடித்து வளர்க்கவும் கூடாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பயணக் களைப்பில் வீட்டுக்குள் வந்து விழுந்தால், துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டான மூலையில் அமைதியாக விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காயம் இருந்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். தேறிவிட்டால் அருகிலுள்ள புதரடியில் விட்டுவிடலாம்.