அவனுக்குக் கூட்டாளி இருக்கானா?

போன வாரம் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், அப்பாம் பாலிக் என்கிற மடிப்பு அப்பம் விற்கும் கடை முன்னால் நின்றபோது தெரிந்த அக்கா ஒருவர் பிடித்துக்கொண்டார். "பையன இன்னும் பள்ளிக்கூடம் அனுப்பலையாம்மா? நாலு பேரோட பழகத் தெரியாமப் போயிடும்." என் மகனோ கடைக்காரப் பாக்சிக்கிடம் மலாயில் பேரம் பேசிக்கொண்டிருந்தான், வேர்க்கடலை இன்னும் கொஞ்சம் தூவச் சொல்லி. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்று வருடமாக இதே கேள்வி. ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அவனுக்கு ஆஸ்துமா. இங்கே மலேசியாவில் 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். அதனால் முறையாக விலக்குக் கேட்டு, கடிதம் வாங்கித்தான் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறோம். அதற்காக அலைந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

பள்ளிக்குப் போனால் கூட்டாளிகள் தானாகக் கிடைப்பார்கள் என்று எல்லாரும் நம்புகிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தோட்டப் பள்ளியில் அவன் வயதுக்கு ஏழே பிள்ளைகள். 150 பேருக்கு மேல் இல்லாத பள்ளியை அரசாங்கம் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் எத்தனையோ அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறோமே, அந்தப் பழைய பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துப் பால்மர (ரப்பர்) தோட்டம் ஒன்றில்தான் என் அப்பா வளர்ந்தார். விடியுமுன் பெரட்டு என்கிற ஆள் கணக்கெடுப்பு, அம்மாமார்கள் பால்வெட்டப் போனதும் கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில். மத்தியானத்துக்கு மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் நான்கு வயதிலிருந்து பதினாறு வயது வரை ஒரே கும்பல். அடித்துக்கொண்டாலும் அடுத்த நாள் தண்ணிப் பைப்படியில் அதே முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஓட வேறு இடம் கிடையாது. அப்பா பழகக் கற்றது அங்கே. பள்ளியில் வாய்ப்பாடும் பிரம்படியும்தான் கிடைத்தது என்பார்.

அந்தக் கும்பல் கலைந்ததற்கு வீட்டுக்கல்வியா காரணம்? பால்மரத்தை வெட்டிச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை கைகள் தேவையில்லை. நாட்டில் வணிகத்துக்காக முதன்முதல் செம்பனை நட்டது 1917இல், இதே வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில். (பேர் தென்னமரம், நட்டது செம்பனை.) லயங்கள் காலியாகி ஆட்கள் தாமான் என்கிற வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்தார்கள். தாமானில் வீட்டுக்கு வீடு கேட். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் சாயங்காலம் டியூஷன், இல்லையென்றால் போன்.

அதற்காக வீட்டில் வைத்துப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் மெட்லின் என்ற உளவியல் பேராசிரியர் 2000இலும் 2013இலும் இது சம்பந்தமான ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். பழகுவதில் இந்தப் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்பது சாரம். ஆனால் அந்த ஆய்வுகள் பலவற்றில் கலந்துகொண்டது தாமாக முன்வந்த குடும்பங்கள்; பல இடத்தில் பதில் சொன்னதும் பெற்றோரே. என் பிள்ளை எப்படி என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வேன்?

முதல் வருடம் நானும் சொதப்பினேன். சனிக்கிழமை சிலம்பம், ஞாயிற்றுக்கிழமை தேவாரம், நடுவில் நீச்சல். எங்கும் பிள்ளைகள் இருந்தார்கள், எங்கும் அவனுக்குக் கூட்டாளி இல்லை. வகுப்பு முடிந்த நிமிடமே எல்லாரையும் காரில் ஏற்றிவிடுகிறோமே, எப்போது பேசுவார்கள்? அப்புறம் இரண்டை நிறுத்திவிட்டு, தினமும் ஐந்து மணிக்குக் கோவில் திடலில் கொண்டுபோய் விட ஆரம்பித்தேன். வாத்தியார் கிடையாது, வேலையும் கிடையாது. அதே ஆறேழு பையன்கள்.

பெரியவர்களிடம் நன்றாகப் பேசுகிறவன், தன் வயசுப் பையன்கள் கிண்டல் பண்ணினால் திணறிப்போனான். இது வீட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு உள்ள குறைதான், நான் மறைக்கவில்லை. வீட்டில் அவனை யார் கிண்டல் பண்ணுகிறோம்? இன்ஹேலரைப் பார்த்துவிட்டு 'பம்பு' என்று பேர் வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டே வந்தான். நான் செருப்பைத் தேடினேன், அந்தப் பையன்களின் வீட்டுக்குப் போக. அப்பா வாசலிலேயே மறித்தார்: "நீ போனீன்னா அவன் சாகுற வரைக்கும் பம்புதான். பேசாம இரு."

மூன்று நாள் அவன் திடலுக்குப் போகவில்லை. நாலாம் நாள் தானாகப் போனான். என்ன பேசினார்கள், எப்படிச் சமாதானம் ஆனார்கள், இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் கேட்டில் சைக்கிள் மணி. ஒரு பொடியன் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, பம்பு இருக்கானா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து "தோ வரேன்டா!" என்று ஒருவன் பாய்ந்து ஓடினான், இன்ஹேலரை மேசையிலேயே விட்டுவிட்டு. அதை எடுத்துக்கொண்டு நான்தான் பின்னால் ஓடினேன்.