வலி ஊசிக்குப் பயப்பட வேண்டாம், மூச்சை எண்ணுங்கள்

ஆபரேஷன் முடிந்து வெளியே வருகிறவருக்கு மார்பின் என்ற வலுவான வலி ஊசி போடலாமா என்று கேட்டால், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "சிஸ்டர், அப்பாவுக்கு அந்தப் போதை ஊசி மட்டும் வேண்டாமுங்க, மூச்சு நின்னுருமாமா, அப்புறம் அதுக்கே பழகிருவாராமா." இதைக் கேட்காமல் என்னுடைய ஒரு வாரம் கழிந்ததில்லை. சில ஆஸ்பத்திரிகளும் இதே பயத்தில்தான் இருக்கின்றன. ஒரு பாராசிட்டமால் பாட்டில், ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி, அதற்கு மேல் வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள் என்பதுதான் அங்கே நடைமுறை.

எல்லையின் இரண்டு பக்கமும், மயக்கம் தெளியும் ரெக்கவரி அறையிலும் ஆபரேஷன் ஆனவர்கள் இருக்கும் போஸ்ட் ஆப் வார்டிலும் வேலை பார்த்த நர்ஸ் என்ற முறையில் சொல்கிறேன். அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அது தவறான இடத்தில் போய் நிற்கிறது. மார்பினைச் சரியான அளவில் போட்டு, பக்கத்தில் நின்று மூச்சைக் கவனிக்க ஓர் ஆள் இருந்தால், வலியும் அடங்கும், ஆளும் நன்றாக இருப்பார். அந்த ஆளைத்தான் நாம் வைப்பதில்லை. ஆளை வைக்காமல் மருந்தின் மேல் பழி போடுகிறோம்.

மருந்து என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூளையின் அடித்தண்டு அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும். தூங்கும்போதும் நாம் மூச்சு விடுவது இதனால்தான். மார்பின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) மருந்துகள் அந்த உணர்வை மழுக்குகின்றன. கரியமில வாயு ஏறினாலும் மூளை அலட்டிக்கொள்ளாது. மூச்சு மெதுவாகும், தூக்கம் கூடும். கூடவே தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் யோசிப்பதில்லை. வலி மருந்து, மூச்சுக்குழாய் என்று பாடப்புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு அத்தியாயங்களாக இருக்கலாம். வார்டில் இரண்டும் ஒரே தொண்டையில் வந்து சந்திக்கின்றன.

அதனால்தான் குறட்டையைப் பற்றி இவ்வளவு வற்புறுத்திப் பேசுகிறேன். ஆபரேஷன் முடிந்து இரண்டு மணி நேரத்தில் வீட்டார் சந்தோஷமாக வந்து, "நல்லா குறட்டை விட்டு அசந்து தூங்குறாருங்க சிஸ்டர், எழுப்பிராதீங்க" என்பார்கள். வீட்டில் குறட்டை என்றால் நிம்மதி. வலி ஊசி போட்ட படுக்கையில் அது எச்சரிக்கை. காற்று போகும் வழி பாதி அடைபட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். குறட்டை திடீரென்று நின்று, நெஞ்சும் வயிறும் மட்டும் ஏறி இறங்கினால் வழி முழுக்க அடைபட்டுவிட்டது. அந்த நேரத்தில் உறவினர்கள் "இப்பத்தான் அமைதியாத் தூங்குறார்" என்று நினைப்பதை நான் பார்த்திருக்கிறேன். உடனே ஆளைக் கூப்பிட்டு, தோளைத் தட்டி எழுப்ப வேண்டும். தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்தால் நாக்கும் கூடவே முன்னால் வரும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் தலைப்பக்கத்தை உயர்த்துவதும் உதவும். இதற்கெல்லாம் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரண்டு கை போதும், ஆனால் அந்தக் கை அந்த நிமிடம் அங்கே இருக்க வேண்டும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். கோவிட் காலத்துக்குப் பிறகு அது என்னவென்று எல்லாருக்கும் தெரியும். நல்ல கருவிதான். ஆனால் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருக்கும்போது அது நம்மை ஏமாற்றிவிடும். நிமிடத்துக்கு ஆறு தடவை மட்டும் மூச்சு விடுகிறவருக்குக்கூட, மாஸ்க் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தால் 98 என்று காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும், அது விரலுக்குத் தெரியாது. எண் சரியும் நேரத்தில் நிலைமை கைமீறியிருக்கும். ஆகவே நெஞ்சைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 10-க்குக் கீழே வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். 8 அல்லது அதற்கும் குறைந்தால் மருந்தை நிறுத்தி, ஆளை எழுப்பி, மார்பினை முறிக்கும் நலோக்சோன் ஊசியைக் கையில் எடுக்கும் நேரம் அது. இன்னொன்றும் உண்டு. மூச்சு குறைவதற்கு முன்பே தூக்கம் கூடிவிடும். கேள்வி கேட்டால் பாதி பதில் சொல்லும்போதே கண் செருகுகிறது என்றால் அடுத்த டோஸைக் கொடுக்கக் கூடாது.

நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சார்ட்டைப் புரட்டினால் எல்லாப் படுக்கையிலும் மூச்சு 18, 18, 18 என்றே இருக்கும். உலகத்தில் அத்தனை பேரும் ஒரே கணக்கில் மூச்சு விட மாட்டார்கள். எழுதிய பிள்ளைகள் சோம்பேறிகள் அல்ல. இரவு ஷிஃப்டில் ஒருத்தி முழு வார்டையும் பார்க்கிறாள். டிரிப் மாற்றுகிறாள், காயத்திலிருந்து டியூப் வழியாக வடிந்ததை அளக்கிறாள், பில் கவுண்டருக்கும் ஓடுகிறாள். படுக்கைக்கு ஒரு நிமிடம் நின்று எண்ண அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. இதைச் சொன்னபோது நிர்வாகத்திடமிருந்து வந்த பதில், "அப்படியென்றால் மார்பினை நிறுத்திவிடலாம்" என்பது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது. ஒரு நர்ஸின் சம்பளத்தை மிச்சப்படுத்த வயிறு கிழித்துத் தைத்த மனிதரை வலியில் கிடக்கவிடுவதா?

வலியைத் தாங்கிக்கொண்டால் மூச்சு பத்திரமாக இருக்கும் என்பதும் உண்மையில்லை. எங்கள் சித்தூர் தாலுகா முழுக்கத் தென்னையும் கள்ளும்தான். மரம் ஏறுகிறவர்கள் விழுவதைப் பார்த்தே வளர்ந்தோம். விலா எலும்பு மூன்று நான்கு உடைந்தவரைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சும் குத்துகிறது, அதனால் மேலோட்டமாகவே மூச்சு விடுவார். இருமவே மாட்டார். சளி உள்ளே தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், சில நாட்களில் நிமோனியா. அப்புறம் வென்டிலேட்டர். மேல்வயிற்றில் பெரிய ஆபரேஷன் ஆனவருக்கும் இதே கதைதான். வலியை அடக்கினால் ஆழமாக மூச்சிழுப்பார், இருமுவார், எழுந்து உட்கார்ந்து நடப்பார். நுரையீரலைக் காப்பாற்றுவதும் வலி மருந்துதான்.

அதற்காக மார்பின் ஒன்றையே அள்ளிக் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. இன்றைக்கு நல்ல அனஸ்தீசியா (மயக்க மருந்து) டாக்டர்கள் பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள், ஸ்கேன் கருவி வைத்துப் பார்த்து அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் நரம்பு பிளாக் போடுகிறார்கள், முதுகில் எபிடூரல் என்ற மெல்லிய குழாய் வைத்து வலி மருந்து விடுகிறார்கள். இதெல்லாம் சேர்ந்தால் ஓபியாய்டின் அளவு நன்றாகக் குறையும். யாருக்கு எது என்பதிலும் கவனம் வேண்டும். சர்க்கரை நோயில் சிறுநீரகம் கெட்டவருக்கு மார்பினின் கழிவு உடம்பில் தங்கிவிடும், தூக்கமும் மூச்சுக் குறைவும் நீண்டுபோகும். சிசேரியன் தாய்க்கு முதுகு ஊசியில் துளி மார்பின் சேர்த்தால் வலி அருமையாக அடங்கும், ஆனால் மூச்சு குறைவது பல மணி நேரம் கழித்தும் வரலாம் என்பதால் 24 மணி நேரம் கவனிக்க வேண்டும். டான்சில் எடுத்த குழந்தைகளுக்குக் கோடீன் என்ற ஓபியாய்டைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கடுமையாக எச்சரித்தது. சில குழந்தைகளின் உடம்பு கோடீனை மிக வேகமாக மார்பினாக மாற்றிவிடுகிறது, தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோன குழந்தைகள் உண்டு.

நலோக்சோன் பற்றி ஒரு வார்த்தை. ஓபியாய்டின் வேலையை நிமிடங்களில் முறித்துவிடும் ஊசி. ஊசி போட்டதும் ஆள் கண் விழிப்பார், எல்லாரும் பெருமூச்சு விட்டுக் கலைந்துபோவார்கள். அதுதான் ஆபத்து. நலோக்சோனின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான், மார்பின் அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருக்கும். ஆள் மறுபடியும் மயங்கலாம். எனவே நலோக்சோன் போட்டவரைத்தான் இன்னும் நெருக்கமாகப் பார்க்க வேண்டும்.

தியேட்டருக்குள் நடப்பதைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை, அங்கே டாக்டர் கூடவே இருக்கிறார். ஆனால் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் "வாயைப் பெருசாத் திறங்க, நாக்கை நீட்டுங்க" என்பார்களே, அது ஒப்புக்குச் செய்வதில்லை. மயக்கத்தில் மூச்சுக்காகத் தொண்டையில் டியூப் போடுவது எளிதா கடினமா என்று கணிக்கும் சோதனை. மல்லம்பட்டி என்று பேர். ஆந்திராவின் குண்டூரில் படித்து அமெரிக்காவில் வேலை பார்த்த மல்லம்பட்டி என்ற மருத்துவர் 1985-இல் வெளியிட்டது, இன்றைக்கு உலகம் முழுக்க அந்தப் பேரைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் பாக்கு, புகையிலைப் பொட்டலம் மெல்லும் பழக்கம் அதிகம். வருஷக்கணக்கில் மென்றவருக்குக் கன்னத்தின் உள்பக்கம் நார் போல இறுகி, வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. மயக்கம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் எல்லாருக்கும் கஷ்டம். முன்கூட்டியே தெரிந்தால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா டியூப் விட்டுப் பாதுகாப்பாகச் செய்வார்கள். பாக்கு போடுவதை மறைக்காதீர்கள், ஆடும் பல்லை, கட்டுப்பல்லை மறைக்காதீர்கள். ராத்திரி குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா என்று வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். அவர்களும் கூட வந்து சொல்லுங்கள். இந்தத் தூக்க மூச்சுத்தடை உள்ளவர்களுக்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகு மார்பின் அதிகம் சிக்கல் தரும்.

மருந்து கிடைப்பதற்கு வருகிறேன். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது. மார்பின் வைத்திருக்க அத்தனை லைசென்ஸ் என்று சிறிய ஆஸ்பத்திரிகள் அதை விட்டே ஒதுங்கின. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்பின், ஃபென்டனில் உள்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியில் வாங்கி வைக்கலாம் என்று வழி செய்தார்கள். வழி திறந்தாலும் பழைய பயம் போகவில்லை.

கேரளத்தில் புற்றுநோய் வலிக்காவது இந்தப் பயம் குறைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் அனஸ்தீசியா டாக்டராக இருந்த எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடைய கூட்டாளிகளும் 1993-இல் வலி நிவாரண அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். புற்றுநோய் வலியில் துடிக்கிறவர்களுக்கு வாய்வழி மார்பினைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்று காட்டினார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது, இப்போது பஞ்சாயத்து அளவில் நர்ஸ்கள் வீடு வீடாகப் போகிறார்கள். எங்கள் ஊர்த் தமிழ்க் குடும்பங்களும் அதனால் பலன் அடைகின்றன. நாலு கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் சொந்தக்காரருக்கு அதே நோய் வந்தால், கோவைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே வலி. நடுவில் ஒரு செக்போஸ்ட்.

எல்லையால் வரும் இன்னொரு சிக்கல் காகிதம். எங்கள் ஆட்கள் ஒரு ஆபரேஷனைப் பாலக்காட்டில் செய்துகொள்வார்கள், அடுத்ததைப் பொள்ளாச்சியிலோ கோவையிலோ. முதல் இடத்தில் டியூப் போட மிகவும் கஷ்டப்பட்டிருந்தால் அந்தத் தகவல் அங்கேயே கேஸ் ஷீட்டுக்குள் கிடக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆபரேஷன் பேர் இருக்கும், மாத்திரை இருக்கும், அந்த வரி மட்டும் இருக்காது. அடுத்த ஆஸ்பத்திரியில் அனஸ்தீசியா டாக்டர் ஒன்றும் தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார். எந்த வழியில் கடைசியில் டியூப் போட்டார்கள், எந்த மருந்துக்கு எப்படித் தூங்கினார் என்று ஒரு சின்னத் தாளில் எழுதித் தர ஐந்து நிமிடம் ஆகுமா?

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஆபரேஷன் செய்யும் இடம் எதுவாக இருந்தாலும், பத்துப் படுக்கை நர்சிங் ஹோமாக இருந்தாலும், ரெக்கவரிக்கு என்று ஒரு நர்ஸை வேறு வேலை கொடுக்காமல் நிறுத்துங்கள். வெளியிலிருந்து வரும் அனஸ்தீசியா டாக்டர் அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன், எத்தனை மணிக்கு எந்த மருந்து எவ்வளவு போட்டார், எதைப் பார்த்தால் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று அந்த நர்ஸிடம் வாயாலும் எழுத்தாலும் சொல்லிவிட்டுப் போகட்டும். நலோக்சோன் ஃபார்மசியில் பூட்டிக் கிடக்காமல் வார்டு டிரேயில் இருக்கட்டும்.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள் முந்தின நாளே கேளுங்கள்: எங்கள் ஆளுக்கு வலிக்கு என்ன கொடுப்பீர்கள், கொடுத்த பிறகு மூச்சை யார் எண்ணுவார்கள்? வீட்டில் தூக்கத்துக்கு மூச்சு மெஷின் வைத்திருக்கிறவர்கள் அதையும் பையில் எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று அந்த அனஸ்தீசியா தாளைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு வைக்கும் கவரிலேயே வையுங்கள். தாள் தர மறுத்தால் கமெண்ட்டில் எழுதுங்கள், என்னென்ன எழுதி வாங்க வேண்டும் என்று நானே தமிழிலும் மலையாளத்திலும் பட்டியல் போட்டுத் தருகிறேன்.